அண்ணி எழுதின கடுதாசி

எம்.ரெட்டியபட்டி
16.2.1976

அத்தானுக்கு, கோகிலா சொல்லி, பக்கத்து வீட்டுக் கஸ்தூரி எழுதுறது. இங்க நானும் ரெண்டு ஆடும் சொகம். நீங்க சொகமா இருக்கீகன்னு உங்க கையால எழுதி வந்தாத்தான் நம்புவேன். போலீசு சொல்றதை நம்ப மாட்டேன்.

எமர்ஜென்சின்னு சொல்லி உங்களைக் கூட்டிட்டுப் போயி பதினாலு நாளாச்சு. சோத்துல கைய வச்ச மனுசனை எந்திரிக்கச் சொன்னானே, அந்த இன்ஸ்பெக்டரு விளங்குவானா? அந்தக் கம்பங்கூழை ஆட்டுக்குத்தான் ஊத்தினேன். நீங்க யூனியன் சேர்மனா இருந்தப்ப நம்ம வாசல்ல செருப்பு விட எடம் இருக்காது. இப்ப காக்கா கூட உக்கார மாட்டேங்குது.

நேத்து அவனே வந்தான். கட்சியை விட்டு வெலகிட்டேன்னு ஒரு தாள்ல நீங்க கையெழுத்துப் போட்டாப் போதுமாம், வீட்டுக்கு அனுப்பிருவாகளாம். அத்தான், போட்டுட்டு வந்துருங்க. நீங்க ஏற்கெனவே ஒருக்கா மாறினவுகதான? பழைய கட்சியில பத்து வருசம் இருந்துட்டு அறுவத்தஞ்சுல இதுக்கு வந்தப்ப, ஒரு கழுதை முதுகுல ரெண்டு கொடியையும் கட்டி, கழுத்துல உங்க பேரை எழுதித் தொங்கவிட்டு, அருப்புக்கோட்டை பஜார்ல ஓட்டுனாக. அப்புறம் நம்ம ஊருக்கும் கொண்டாந்தாக. வாசல்ல வந்து நின்ன கழுதைக்கு நாந்தான் தண்ணி வச்சேன். அது பாட்டுக்குக் குடிச்சிட்டுப் போயிருச்சு. இன்னொரு கழுதை வந்தா அதுக்கும் வைக்கிறேன். நமக்குப் பிள்ளையா குட்டியா, யாருக்காக இந்தப் பிடிவாதம்?

வயித்துல கொஞ்ச நாளா ஒரு வலி. ஓமத்தண்ணி குடிக்கிறேன், சரியாயிரும். பங்குனி பொறந்ததும் கஸ்தூரிக்கு மல்லாங்கிணத்துல கல்யாணம். அவ போயிட்டா சோணைமுத்துகிட்டத்தான் சொல்லி எழுதணும். சைக்கிள் கடையில சும்மாத்தான் உக்காந்திருக்கான்.

வேளைக்குச் சாப்பிடுங்க. கோவத்துல தட்டைத் தள்ளாதீக.

இப்படிக்கு,
கோகிலாம்பாள் (கைநாட்டு)

மாமா, அத்தை சொன்னதை ஒரு எழுத்து விடாம எழுதிருக்கேன். 'விளங்குவானா'ங்கிறதையும் எழுதச் சொன்னாக. — கஸ்தூரி


மத்திய சிறை
2.3.1976

அன்புள்ள கோகிலாவுக்கு,

நான் சுகம். என் கையால்தான் எழுதுகிறேன், நம்பு. களி தருகிறார்கள், தட்டைத் தள்ளவில்லை. உன் வயிற்று வலி தேவலையா? ஓமத்தண்ணியோடு நிற்காதே, அருப்புக்கோட்டை டாக்டரிடம் காட்டு.

இங்கே நம்ம பக்கத்து ஆட்கள் பதினான்கு பேர் ஒரே பிளாக்கில் இருக்கிறோம். திருச்சுழிப் பக்கம் பால்ச்சாமி எனக்கு அடுத்த படுக்கை. இருளப்பசாமி எதிர்ப்பக்கம். வாரத்துக்கு ஒருமுறை அந்தத் தாளைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். பக்கத்து பிளாக்கில் ஐந்து பேர் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

நீ கழுதைக்குத் தண்ணீர் வைத்தாய். எனக்கு அந்தக் கழுதையின் கண்ணைப் பார்க்கவே தைரியம் வரவில்லை. கொள்கைக்காக மாறினேன் என்று பத்து வருஷம் மேடை மேடையாகத் தொண்டை கிழியச் சொல்லித்தான் அந்த அவமானத்தைக் கழுவினேன். சேர்மன் ஆனதுகூட அதற்குப் பிறகுதான். இப்போது பயத்தில் இன்னொரு தரம் மாறினால் முதல் தரம் மாறியதும் பொய்யாகிவிடும்.

ஆனாலும் உன்னிடம் மறைக்க மாட்டேன். எனக்கு வீட்டு நினைப்பாகவே இருக்கிறது. நீ யோசித்து, உன் வாயால் 'வாங்க' என்று இன்னொரு தடவை சொல்லி எழுது. சொன்னால் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன். ஊர் என்ன சொன்னாலும் சரி. உன் பதிலுக்குத்தான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
சங்கரபாண்டியன்


எம்.ரெட்டியபட்டி
30.3.1976

கொள்கைக் குன்றே! என் குடும்பக் குலவிளக்கே!

நலம். தங்கள் நலமே நாட்டின் நலம் என்பதால் அதைத் தனியே வினவ வேண்டியதில்லை.

தங்கள் மடல் கண்டேன். மகிழ்ச்சிக் கடலில் மூழ்கினேன். சிறைக்கம்பி சிங்கத்தை அடைக்கலாம். அதன் சீற்றத்தை அடைக்க முடியுமா? முன்பு நான் எழுதியது பெண்மையின் பேதைமை. அதை மறந்துவிடுங்கள். கோழைகள் கையெழுத்திடட்டும். கொண்ட கொள்கைக்குக் குழி தோண்டிவிட்டுத் தாங்கள் வருவீர்களானால், வாசற்கதவைத் திறக்க என் கை எழாது! என் கழுத்துத் தாலி இன்று கனக்கவில்லை, களிக்கிறது. எனக்கு உடலில் ஒரு குறையும் இல்லை. உள்ளத்தில் உறுதி மட்டுமே உண்டு.

வெல்க தங்கள் வீரம்!

இங்ஙனம்,
தங்கள் துணைவி கோகிலாம்பாள்

(எழுதியவன்: சோணைமுத்து, கிளைச் செயலாளர்)


மத்திய சிறை
14.4.1976

என் கோகிலாவுக்கு,

சித்திரை பிறந்த அன்று உன் கடிதம் கைக்கு வந்தது. இதைவிட நல்ல வருஷப் பிறப்பு எனக்கு வாய்த்ததில்லை. நான் சுகம், உனக்கும் உடம்பில் குறையில்லை என்று எழுதியதில் பாதிப் பாரம் இறங்கியது.

நீயா சொன்னாய் அதையெல்லாம்? மூன்று தடவை படித்தேன். மேடையில் நான் பேசுவதை அடுப்படியிலிருந்து இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய், கள்ளி. பேச்சு வேகத்தில் கைநாட்டு வைக்கக்கூட மறந்துவிட்டாய்.

சத்தியமாகச் சொல்கிறேன், நீ 'வாங்க' என்று எழுதியிருந்தால் அன்றைக்கே போட்டிருப்பேன். மனசுக்குள் தயாராகத்தான் இருந்தேன். உன் கடிதத்தைப் பிளாக்கில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்தேன். பால்ச்சாமி முந்தின நாள்தான் தாளைக் கேட்டு வாங்கி வைத்திருந்தான். அவனுக்கு வீட்டில் மூக்கம்மாள் தனியாக இருக்கிறாள். 'வாசற்கதவைத் திறக்க என் கை எழாது' என்ற இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். 'அண்ணியே இப்படிச் சொல்றாக, நாம ஆம்பளைகளா?' என்றான். இருளப்பசாமி உன் கடிதத்தை அப்படியே ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடுத்தான். அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். இப்போது பிளாக் முழுக்க உனக்கு அண்ணி என்றுதான் பேர்.

இனி எத்தனை வருஷமானாலும் இருப்பேன். கவலைப்படாதே.

பெருமையுடன்,
சங்கரபாண்டியன்


எம்.ரெட்டியபட்டி
22.5.1976

சிறைபுகுந்த செம்மலே!

நலத்துக்கு ஒரு குறைவும் இல்லை. அங்கும் அவ்வாறே ஆகுக.

தங்கள் புகழ் பதினேழு கிராமத்திலும் பரவிக் கிடக்கிறது. நம் கொடி இன்னும் ஓர் ஊரிலும் இறங்கவில்லை என்றால் அதற்குத் தாங்களே காரணம். கரிசல் காட்டில் பருத்தி வெடித்துச் சிரிக்கிறது. குனிந்து பொறுக்கத்தான் எனக்கு முடியவில்லை. ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். வேறு செய்தி இல்லை.

இங்ஙனம்,
கோகிலாம்பாள்

(எழுதியவன்: சோணைமுத்து)


மத்திய சிறை
8.6.1976

அன்புள்ள கோகிலாவுக்கு,

நான் சுகம். உன் சுகத்தைத்தான் இந்தத் தடவை அழுத்திக் கேட்கிறேன்.

ஏன் குனிய முடியவில்லை? கல்யாணமான வருஷத்திலிருந்து நீ குனிந்து பருத்தி எடுத்தவள். நாலு கூலியாள் எடுப்பதை ஒருத்தி எடுப்பாய். இன்னொன்று. அந்த வரியில் முதலில் 'அண்ணியாருக்கு' என்று எழுதி, அதை அடித்து 'எனக்கு' என்று திருத்தியிருக்கிறது. சோணைமுத்து, நீ இதைப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தை விடாமல் படி. கோகிலா, நீ சொல்வதைத்தான் இவன் எழுதுகிறானா?

உடனே பதில் போடு.

சங்கரபாண்டியன்


மத்திய சிறை
12.7.1976

கோகிலா,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? ஐந்து வாரமாக ஒரு வரி இல்லை. இந்த அட்டை யார் கையில் கிடைத்தாலும் என் வீட்டில் என்ன நடக்கிறதென்று எழுதுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

சங்கரபாண்டியன்


மதுரை
1.8.1976

அத்தானுக்கு, ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து கோகிலா. சொகம்னு சொல்லியே பழகிருச்சு. இந்தத் தடவை சொல்ல மாட்டேன். சொகமில்லை.

எழுதுறது சந்தனம்னு ஒரு நர்ஸம்மா, திருச்சுழிக்காரி. சொன்னதைச் சொன்னபடி எழுதணும்னு சத்தியம் வாங்கிருக்கேன். ஆடி பொறந்த மறுநாளு கிணத்தடியில சுருண்டு விழுந்துட்டேன். எதுத்த வீட்டுப் பெத்தம்மா மதினிதான் பஸ்ஸுல தூக்கிப் போட்டுக் கொண்டாந்து சேத்தா. கர்ப்பப்பையில கட்டியாம். சின்னத் தேங்காத்தண்டி இருக்காம். பிள்ளை வளர வேண்டிய எடத்துல இது வளந்திருக்கு அத்தான்.

அருப்புக்கோட்டை டாக்டரு பங்குனியிலேயே சொன்னாரு, கட்டின்னு. சோணைமுத்துகிட்ட நாலு தடவை சொன்னேன். கட்டி இருக்குன்னு எழுது, வரச் சொல்லி எழுதுன்னு. எழுதிட்டேன் அண்ணிம்பான். உங்க பதிலைப் படிச்சுக் காட்டுவான். அதுல என் வயித்தைப் பத்தி ஒரு வார்த்தை இருக்காது. பெருமையா இருக்கு, புகழா இருக்குன்னு என்னென்னமோ வரும். இந்த மனுசனுக்குக் கல்லு மனசாப் போச்சான்னு அழுதேன். தாலியைக் கழட்டிருவமான்னுகூட நெனச்சேன். உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்?

மதினி உங்க காயிதத்தை எல்லாம் மஞ்சப்பையில போட்டுக் கொண்டாந்திருந்தா. நேத்து சந்தனம் ஒண்ணொண்ணாப் படிச்சா. நான் 'வாங்க'ன்னு இன்னொரு தடவை சொன்னா வந்துருவேன்னு எழுதிருக்கீகளாமே? அந்தப் படுபாவி அதை எனக்குப் படிக்கவே இல்லையே! நானும் ஒரு தடவை இல்லை, நாலு தடவை வாங்க வாங்கன்னு சொல்லிட்டுத்தான அத்தான் இருந்தேன். வாசக்கதவைத் திறக்க மாட்டேன்னு நானா சொல்லுவேன்? நீங்க போன நாள்ல இருந்து அந்தக் கதவைச் சாத்தினதே இல்லை.

வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம ஆபரேஷன் பண்ண மாட்டாகளாம். தள்ளிப் போட்டா ஆகாதுன்னும் சொல்றாக. எனக்குச் சாகப் பயமா இருக்கு. இப்ப என் வாயால சொல்றேன். வாங்க. கழுதை வந்தா வரட்டும்.

கோகிலாம்பாள் (கைநாட்டு)


மத்திய சிறை
9.8.1976

கோகிலா,

உன் கடிதம் நேற்று வந்தது. சுகம் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இதோடு ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று எழுதி, ஆபீஸில் முத்திரையும் வாங்கியிருக்கிறேன். சந்தனத்திடம் கொடு. அதில்தான் முதலில் கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் மற்றதில்.

விடுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகுமாம். வெளியே வந்தால் விலகியது மட்டும் போதாது. ஆளுங்கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று பேப்பருக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், அருப்புக்கோட்டையில் மேடை ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டேன்.

சோணைமுத்துவை நான் என்ன வைவது? அந்த வசனம் எல்லாம் நான் கற்றுக்கொடுத்தது. என் பேச்சையே எனக்கு அனுப்பியிருக்கிறான். நானும் என் பெண்டாட்டி பேச்சென்று நம்பிக் கைதட்டியிருக்கிறேன். உன் முதல் கடிதத்தில் உன் குரல் அப்படியே இருந்தது. எனக்குப் புகழ் பிடித்திருந்தது கோகிலா, அதனால் காது அடைத்துப்போயிற்று.

இன்னும் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. அந்தக் கடிதம் நீ சொல்லி எழுதியதல்ல என்று பிளாக்கில் நான் சொல்லியிருக்க வேண்டும். மனைவி ஆஸ்பத்திரியில் என்று மட்டும் சொன்னேன். ஊரெல்லாம் பேசியவன், இத்தனை பேரைப் பொய்க் கடிதம் படித்து நிறுத்திவைத்தேன் என்று எப்படிச் சொல்வேன்? பால்ச்சாமிக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாக இருக்கிறது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நீங்க போங்கண்ணே. அண்ணி எழுதினதை நான் காப்பாத்துறேன்' என்றான். அப்போதும் நான் சொல்லவில்லை.

வருகிறேன். நீ உயிரோடு இரு.

சங்கரபாண்டியன்


திருப்பூர்
9.11.1976

மதிப்புக்குரிய அண்ணனுக்கு, சோணைமுத்து எழுதிக்கொள்வது.

அண்ணி ஆபரேஷன் முடிஞ்சு நல்லபடியா வீடு வந்துட்டாகன்னு கேள்விப்பட்டேன். நம்ம ஊர்க் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். எனக்கு உடம்பு நல்லா இருக்கு. அதுவே அசிங்கமா இருக்கு.

ஊர்ல இருக்க முடியலை, இங்க பனியன் கம்பெனியில சேந்துட்டேன். அண்ணே, நான் வேணும்னு செய்யலை. இல்லை, வேணும்னுதான் செஞ்சேன். பொம்பளைக வயித்து வலிதானன்னு நெனச்சேன். மூணு தடவை உள்ளது உள்ளபடி எழுதி மூணு தடவையும் கிழிச்சேன். நீங்க கையெழுத்துப் போட்டா பதினேழு ஊர்லயும் கொடி இறங்கிரும். கட்சியைத் தவிர எனக்கு என்ன இருக்கு? உங்க பேச்சைக் கேட்டுத்தான படிப்பை விட்டேன், பொண்ணு பாத்ததை விட்டேன். அண்ணியை எங்க அம்மா மாதிரி நெனச்சவன், அவுக உசிரை வச்சு வசனம் எழுதிட்டேன்.

அருப்புக்கோட்டையில உங்களுக்குப் பொன்னாடை போட்ட போட்டோவைப் பேப்பர்ல பார்த்தேன். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறாக, நீங்க மட்டும் தரையைப் பார்க்கிறீக. உங்களைக் குத்தம் சொல்லலை.

இன்னொரு விசயம், உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. பால்ச்சாமி அண்ணன் போன மாசம் இருபத்தேழாந்தேதி உள்ளயே செத்துப்போனாரு. மஞ்சக்காமாலை முத்திப்போச்சு. கடைசி வாரத்துலகூடத் தாளை நீட்டியிருக்காக, வேண்டாம்னுட்டாரு. மூக்கம்மா மதினிகிட்ட உண்மையை யாரும் சொல்லலை. நான் போய்ச் சொல்லவா அண்ணே? நீங்க சொல்றபடி செய்றேன்.

சோணைமுத்து


திருச்சுழி
30.1.1977

கோகிலாம்பாள் அக்காவுக்கு, பால்ச்சாமி வீட்டுக்காரி மூக்கம்மாள் எழுதுறது. அஞ்சாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன், அதனால நானே எழுதுறேன். நீங்க பொழைச்சு வந்ததாச் சொன்னாக, நல்லா இருங்க. இங்க பொங்கல் வைக்கலை.

இப்ப உள்ள இருந்தவுகளை எல்லாம் விட ஆரம்பிச்சிட்டாக. கையெழுத்துப் போட்டவுக, போடாதவுக எல்லாரும்தான் வாராக. பஸ்ஸு வந்து நிக்கிற சத்தம் கேட்டா என் காலு தானாப் போகுது. முந்தாநாளு இருளப்பசாமி அண்ணன் வந்தாரு. அவரு கையெழுத்துல இருந்த ஒரு தாளைக் குடுத்தாரு. என் வீட்டுக்காரரு தலைமாட்டுல இருந்துச்சாம், நீங்க எழுதின கடுதாசியாம்.

ஊர்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி பேசுறாக. உங்க பேச்சைக் கேட்டு எங்க வீட்டுக்காரரு செத்தாரு, நீங்க உங்க புருசனை மட்டும் கூப்பிட்டுக்கிட்டீகன்னு ஒருத்தரு. சோணைமுத்து அவனா எழுதுனதுதான் அது, இவரு ஏமாந்து செத்தாருன்னு ஒருத்தரு. அதுல உங்க கைநாட்டு இல்லைன்னு இருளப்பசாமி அண்ணனே சொல்றாரு.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும் அக்கா. அதை நீங்கதான் சொன்னீகளா? நீங்க மெய்யாச் சொல்லி அதுக்காக அவரு செத்தாருன்னா மனசை எப்படியாச்சும் ஆத்திக்கிருவேன். யாரோ எழுதின வசனத்தை நம்பிச் செத்தாருன்னா நான் எப்படி அக்கா இருப்பேன்? பதில் போடுங்க.

மூக்கம்மாள்


எம்.ரெட்டியபட்டி
6.2.1977

தங்கச்சி மூக்கம்மாவுக்கு, கோகிலா அக்கா சொல்லி எழுதுறது. நான் உசிரோட இருக்கேன். உன்னைச் சொகமான்னு கேக்க எனக்கு வாய் இல்லை.

எழுதுறது எங்க வீட்டுக்காரவுக. நான் சொல்றதை ஒரு எழுத்து மாத்தக் கூடாதுன்னு சொல்லித்தான் உக்கார வச்சிருக்கேன்.

அந்தக் கடுதாசி நான் சொன்னதுதான் தாயி. ஒவ்வொரு வார்த்தையும் என் வாயில இருந்து வந்ததுதான். சோணைமுத்து எழுதிக் குடுத்தான், அம்புட்டுத்தான். வாசக்கதவைத் திறக்க என் கை எழாதுன்னு சொன்னதும் நான்தான். அன்னைக்கு அதை மெய்யாத்தான் சொன்னேன்.

அப்புறம் வயித்துல கட்டின்னு தெரிஞ்சதும் எனக்குச் சாவு பயம் வந்துருச்சு. வாங்க வாங்கன்னு கத்தி இவுகளைக் கூப்பிட்டது நான். சொன்ன சொல்லை விட்டவ நான். அதை விடாமப் பிடிச்சு நின்னது உன் வீட்டுக்காரரு. அவரு ஏமாந்து சாகலை. எவனாச்சும் அப்படிச் சொன்னா, சேர்மன் பொண்டாட்டியே எழுதிக் குடுத்திருக்கான்னு இந்தத் தாளை மூஞ்சியில காட்டு. வையணும்னா என்னை வையி. இவுகளை வையாத.

அறுவத்தஞ்சுல இவுக கட்சி மாறினப்ப கழுதை விட்டாகளே, உனக்கும் தெரிஞ்சிருக்கும். இந்தத் தடவை அதுகூட வரலை. புதுக் கட்சிக்காரவுக எலக்சன்ல நிக்கச் சொல்லி காருல வந்து உக்காந்திருக்காக. இவுக எந்திரிச்சுப் போகாம இதை எழுதிட்டு இருக்காக.

ரெண்டு மூணு எடத்துல அடிச்சு அடிச்சு எழுதிருக்காக. கண்ணு சரியில்லைங்கிறாக. படிக்க முடியலைன்னா மன்னிச்சுக்க.

ஒருக்கா வா தங்கச்சி. வந்து என்னை வாய் வலிக்க வஞ்சிட்டு ஒரு வாய் கூழு குடிச்சிட்டுப் போ. கதவு திறந்துதான் கெடக்கும்.

அன்னைக்கு வைக்க மறந்த கைநாட்டை இதுல வச்சிருக்கேன்.

கோகிலாம்பாள் (கைநாட்டு)